வாக்கெடுப்பு நாளில் ஒரு செத்தவீடு

இப்போதெல்லாம் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்பு முடிந்த கையோடு யார் எந்தப் பக்கம் என்பது கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. ஆதரவு பச்சை, எதிர்ப்புச் சிவப்பு, வராதவர்களின் பெயருக்கு எதிரே வெறும் கட்டம். உடுவிலில் எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் போன மாதம் இதைக் கொண்டுவந்து காட்டினார். நான் ஒரு பாராளுமன்ற உறுப்பினரிடம் நெடுங்காலம் செயலாளராக இருந்தவள் என்பது அவருக்குத் தெரியும். இவர்கள் எதை வைத்து முடிவெடுக்கிறார்கள், கட்சியா, காசா, மனச்சாட்சியா என்று கேட்டார். அவர் பச்சையையும் சிவப்பையும் எண்ணிக்கொண்டிருந்தார். என் கண்ணோ அந்த வெறும் கட்டங்களிலேயே நின்றது.

எல்லாமும்தான் தம்பி என்று மழுப்பி அவரை அனுப்பிவிட்டேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. அவர் சொன்ன மூன்றிலும் சேராத ஒன்றை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அதை அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதனால் இதை எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிடுகிறேன், சம்பந்தப்பட்டவர்களில் சிலர் இன்னும் மேடை ஏறுகிறார்கள்.

நான் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவள். மூன்று மொழியிலும் தட்டச்சு வரும், சிங்களம் சரளமாகக் கதைப்பேன். அதற்காகவே என்னை எங்கள் உறுப்பினருக்கு இரவலாகக் கேட்டு எடுத்தார்கள். ஒரு வருடத்துக்கென்று போனவள் ஓய்வுபெறும் வரை அங்கேயே கிடந்தேன். எனக்குப் பிறவியிலேயே பதகளிக்கிற சுபாவம். கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். அரசியல்வாதியின் அலுவலகத்துக்கு அது நல்ல குணம் என்று ஐயா சொல்லுவார். உறுப்பினரை எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஐயா சண்டிலிப்பாய்த் தோட்டக்கார வீட்டுப் பிள்ளை, படித்துச் சட்டத்தரணியானவர். யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். "பாப்பம்" என்பார். அதற்கு எத்தனையோ அர்த்தம் இருப்பதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள், எனக்கு மட்டும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் அது நடக்காத காரியம் என்று தெரியும். கண்ணாடியைத் துடைக்காமல் சொன்னால் நடக்கும். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அலுவலக வாசலில் வரிசை பாதியாகக் குறைந்திருக்கும்.

சனிக்கிழமைகளில் மக்கள் சந்திப்பு. மகனுக்கு வேலை, மகளுக்கு இடமாற்றம், ஒழுங்கைக்குத் தார், கோயிலுக்குக் கூரை. நான் இருந்த காலம் முழுவதும் சட்டமூலம் ஒன்றைப் பற்றிக் கதைக்கவென்று அந்த வாசலுக்கு வந்தது ஒரே ஒரு ஆள்தான். அவளைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

உறுப்பினரின் உண்மையான வேலை அலுவலகத்தில் நடப்பதில்லை. அது செத்தவீட்டில் நடக்கிறது. காலையில் நான் முதலில் திறப்பது பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கம். யார் வீடு, எந்த ஊர், எத்தனை மணிக்குக் கிரியை, எந்தச் சுடலை என்று பார்த்து அன்றைய பயணத்தை அமைப்பேன். சாரதி சிவத்தின் வாகனத்தில் பின்பக்கம் இஸ்திரி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை எப்போதும் தொங்கும். போனால் எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. தெரிந்த முகம் என்றால் ஒரு கால் மணித்தியாலம். கட்சிக்கு நின்ற வீடு என்றால் பிரேதம் எடுக்கும்வரை. எழும்பும்போது யாரிடமும் போய்வாறன் என்று சொல்லக்கூடாது, அது செத்தவீட்டு வழக்கம். பேசாமல் எழும்பி நடக்கவேண்டும். ஆனால் பந்தலில் இருக்கிற அத்தனை பேரும் யார் எப்போது எழும்பினார் என்று பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

எனக்கு அங்கே ஒரு தனி வேலை இருந்தது. ஆண்கள் வெளியே பந்தலுக்குள் கதிரையில் இருப்பார்கள், பெண்கள் உள்ளே பிரேதத்தைச் சுற்றிப் பாயில் இருப்பார்கள். ஐயா வெளியில் கேட்பதைக் கேட்பார், நான் உள்ளே கேட்பதைக் கேட்பேன். திரும்பி வரும்போது வாகனத்தில் இரண்டையும் ஒப்பிடுவோம். ஒரே வீட்டில் இரண்டு ஊர் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. வெளியில் அரசியல் தீர்வு, வெளிநாட்டுக் கட்சிக் கிளைகள், அடுத்த தேர்தல். உள்ளே பள்ளிக்கூடம், மருந்து, தண்ணீர். நாங்கள் வேதக்காரர், கிறிஸ்தவக் குடும்பம், எங்கள் வீடுகளில் ஆணும் பெண்ணும் ஒரே வாங்கில் இருந்து பாட்டுப் பாடி முடித்துவிடுவோம். அதனால் இந்தப் பிரிவு என் கண்ணில் கூடுதலாகப் பட்டிருக்கலாம்.

செத்தவீட்டுக்கு இவ்வளவு பயம் ஏன் என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் தேர்தலில் மக்கள் முதலில் கட்சிக்குப் புள்ளடி போடுகிறார்கள், பிறகு அந்தக் கட்சி வேட்பாளர்களில் தங்களுக்குப் பிடித்தவர்களின் இலக்கத்துக்கு விருப்பு வாக்குப் போடுகிறார்கள். கட்சிக்குக் கிடைக்கிற ஆசனங்கள் விருப்பு வாக்குக் கூடியவருக்குப் போகும். ஆகவே ஒருவருக்கு உண்மையான போட்டி மற்றக் கட்சிக்காரர் இல்லை, தன்னுடைய கட்சிச் சுவரொட்டியில் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவர்தான். ஐயாவுக்குப் பக்கத்தில் அப்படிச் சிரித்துக்கொண்டு நின்றவரை நாங்கள் அலுவலகத்தில் இளையவர் என்போம். அவரும் உறுப்பினர், நல்ல பேச்சுக்காரர், வயது குறைவு. ஐயா போகாத செத்தவீட்டுக்கு இளையவர் போய்விட்டார் என்று கேள்விப்பட்டால் அன்று எங்கள் அலுவலகத்தில் யாரும் சோறு ருசித்துத் தின்றதில்லை.

அப்படியான காலத்தில்தான் அந்தத் தண்ணீர்ச் சட்டமூலம் வந்தது. அரசாங்கம் கொண்டுவந்தது. சுண்ணக்கல் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்ட அனுமதி எடுக்கவேண்டும், வீட்டுக் கிணறுகளுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற குழாய்க் கிணறுகள் இறைக்கும் தண்ணீரைக் குறைக்கவேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் குடாநாட்டில் ஆறு இல்லை. மழை கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கடல் உள்ளே வரும்.

கட்சி எதிர்க்கச் சொன்னது. அனுமதி கொடுக்கும் சபை கொழும்பில் இருக்கும், மாகாணத்துக்கு அதில் கை இல்லை, இன்றைக்குத் தண்ணீர், நாளைக்குக் காணி என்றார்கள். நான் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து வந்த அனுமதிகளால் எங்கள் சனம் பட்டது கொஞ்சமில்லை, அந்தப் பயத்தில் உண்மை இருந்தது. தோட்டக்காரர்களும் எதிர்த்தார்கள். இறைப்பைக் குறைத்தால் புகையிலையும் வெங்காயமும் என்னாவது என்று சங்கம் சங்கமாகத் தொலைபேசி எடுத்தார்கள். வெளிநாட்டிலிருந்து நாளுக்கு நாலு அழைப்பு. எல்லாவற்றுக்கும் ஐயா பாப்பம் என்றார்.

அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றில்தான் சுகந்தி வந்தாள். பண்டத்தரிப்பில் வாழ்க்கைப்பட்டவள், இரண்டு பிள்ளைகள். கணவன் குகன் ஒரு கடையில் வேலை. மாமனார் பொன்னுத்துரை, ஐயாவின் முதலாவது தேர்தலிலிருந்து சுவரொட்டி ஒட்டிய மனிதர். வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச நிலத்தில் சுகந்தி கத்தரியும் மிளகாயும் வைத்து விற்று வந்தாள். பக்கத்துக் காணிக்காரர் ஆழ்குழாய்க் கிணறு அடித்துப் பவுசர் லொறியில் தண்ணீர் விற்கத் தொடங்கியபின் அவளுடைய கிணறு உவர்க்கத் தொடங்கிவிட்டது.

அவள் முறைப்பாடு ஒன்றும் சொல்லவில்லை. பையிலிருந்து ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து என்னிடம் தந்து, "அக்கா, இதிலை ஐயாவுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடுங்கோ" என்றாள். நான் ஐயாவைப் பார்த்தேன். அரசியல்வாதிக்கு யாரோ கொண்டுவந்த தண்ணீரைக் கொடுப்பதா? ஐயா தலையாட்டினார், போட்டேன். அவர் முழுவதையும் குடித்தார். முகத்தில் ஒரு சுழிப்பு இல்லை. குடித்து முடித்துக் கோப்பையை வைத்துவிட்டு, இதுவோ நீங்கள் குடிக்கிற தண்ணி என்று கேட்டார். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்கிறோம், நாங்கள் இதைத்தான் குடிக்கிறோம் என்றாள். சட்டம் வந்தால் பக்கத்துக் கிணறு குறைத்து இறைக்கும், அடுத்த மாரி மழையோடு தன் கிணறு திரும்பும், அது வராவிட்டால் இன்னும் ஒரு கோடை தாங்காது என்று விவசாயக் கந்தோரில் சொன்னதையும் சொன்னாள்.

"நான் ஆதரிச்சுக் கை உயர்த்துவன் பிள்ளை. ஆருக்கும் இப்ப சொல்லாதை" என்றார் ஐயா.

கண்ணாடி மூக்கில் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கட்சி முடிவை மீறினால் அடுத்த வேட்பாளர் பட்டியலில் இடம் கிடையாது. கட்சிக் கொறடா இரண்டு தரம் தொலைபேசியில் கூப்பிட்டு ஐயா எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். தெரியாத ஆளின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாததால் அவர் நம்பியிருக்கமாட்டார். இளையவர் மேடைகளில் சட்டமூலத்தை வெளுத்து வாங்கினார், சில மூத்தவர்கள் தளம்புகிறார்கள் என்று இடைக்கிடை ஒரு குத்தும் விட்டார். ஐயா தளம்பவில்லை. முதல் முறையாக என்னிடம் சட்டமூலத்தைக் கேட்டு வாங்கிப் பந்தி பந்தியாக வாசித்தார். ஆதரித்து வாக்களித்துவிட்டு, அனுமதிச் சபையில் மாகாணத்துக்கும் இடம் வேண்டும் என்று பேசுவதற்குக் குறிப்பும் எழுதினார். அந்தப் பேச்சை நான் தட்டச்சுச் செய்தேன். அவருக்காகத் தட்டியவற்றில் எனக்குப் பிடித்த பேச்சு அதுதான், அது நிகழ்த்தப்படவில்லை.

வாக்கெடுப்புக்கு முதல்நாள் பின்னேரம். ஐயா இரவே கொழும்புக்கு வெளிக்கிடுவதாக இருந்தது. பெட்டி வாகனத்தில் ஏற்றியாகிவிட்டது. அப்போது குகனின் அழைப்பு. பொன்னுத்துரை காலமாகிவிட்டார். நெஞ்சு நோவென்று கொண்டுபோனார்கள், ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது. நாளைக்குக் காலையில்தான் பதப்படுத்தி முடித்து மலர்ச்சாலையிலிருந்து உடல் வீட்டுக்கு வரும், ஒன்பது மணிக்குக் கிரியை. அப்பாவுக்கு ஐயா என்றால் உயிர், ஐயா இரண்டு வார்த்தை பேசவேண்டும், ஐயா இல்லாமல் எடுக்கமாட்டோம் என்று குகன் அழுதார். ஐயா சரி என்றார். வாக்கெடுப்பு மாலை ஐந்து மணியளவில்தான் வரும், காலையில் பேசிவிட்டுப் பத்து மணிக்கு வெளிக்கிட்டால் போய்ச் சேரலாம் என்று சிவம் கணக்குச் சொன்னார். கொழும்புக்குப் போகும் ஏ-ஒன்பது வீதியில் ஒரு மாடு குறுக்கே நின்றால்கூடப் பிழைக்கிற கணக்கு அது. நான் இரவு முழுக்க அந்த வீதியில் மாடுகளைத்தான் கண்டேன்.

விடிந்ததும் சுகந்தியின் அழைப்பு வந்தது. பின்னால் ஆட்கள் கதைக்கிற சத்தம். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கதைத்தாள்.

"அக்கா, ஐயாவை இஞ்சை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. கொழும்புக்குப் போகச் சொல்லுங்கோ. நான் சொன்னன் எண்டு இவருக்குத் தெரியவேண்டாம்."

இறந்தது அவளுடைய மாமனார். அந்த வீட்டு மருமகள், பிரேதம் வருகிற நேரத்தில், வருகிற பெரிய மனிதரை வரவேண்டாம் என்று சொல்கிறாள். வெளியே தெரிந்தால் அவளை அந்த ஊர் என்ன சொல்லும் என்று நினைக்கவே எனக்குப் பயமாயிருந்தது. நான் அதை ஐயாவிடம் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துச் சால்வையை எடுத்துப் போட்டார். பிறகு, நேரம் இருக்குத்தானே பிள்ளை, போயிட்டு உடனை வெளிக்கிடுவம் என்றார்.

நாங்கள் போனபோது பந்தலில் முன்வரிசையில் இளையவர் இருந்தார். அந்த வீட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பொன்னுத்துரை அவருடைய சுவரொட்டிகளின் மேல் ஐயாவின் சுவரொட்டியை ஒட்டியவர். எங்களைக் கண்டதும் இளையவர் எழும்பி ஐயாவுக்கு ஒரு கதிரையை இழுத்துவிட்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். கொழும்பில் இருக்கவேண்டிய இரண்டு பேரும் பண்டத்தரிப்பில் பிளாஸ்டிக் கதிரையில்.

நான் உள்ளே போனேன். சுகந்தி பிரேதத்தின் கால்மாட்டில் இருந்தாள். என்னைக் கண்டதும் அவளுடைய முகம் இறுகிவிட்டது, நான் வந்தால் ஐயாவும் வந்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். பெண்கள் தண்ணீரைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தபின் இவ்வளவு சனமும் கைகால் கழுவவேண்டும், தோய்ந்து குளிக்கவேண்டும், கிணற்றுத் தண்ணீர் சோப்புக்கு நுரைக்காது. பக்கத்துக் காணிக்காரர் காசு வாங்காமல் ஒரு பவுசர் தண்ணீரை ஒழுங்கையில் கொண்டுவந்து விட்டிருந்தார். நல்ல மனுசன் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் நல்ல மனிதர்தான். பந்தலுக்குக் கதிரை இறக்கியதும் அவர்தான். அவருக்கு எதிராக அன்று அந்த வீட்டில் யாராலும் வாய் திறக்க முடியாது.

ஒன்பது மணி போய்ப் பத்தாகியும் கிரியை தொடங்கவில்லை. கனடாவிலிருந்து மூத்த மகன் அதிகாலையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி வாகனத்தில் வந்துகொண்டிருந்தார், அவர் வந்துதான் கொள்ளி வைக்கவேண்டும். வவுனியா தாண்டியாயிற்று என்றார்கள். பிறகு மாங்குளம் என்றார்கள். சிவம் வாசல் படலையடியில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்ப்பதும் போவதுமாக இருந்தார். நான் பெண்கள் பக்கத்திலிருந்து யன்னலால் ஐயாவைப் பார்த்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இளையவரைப் பார்த்தார். இளையவரும் மணிக்கூட்டைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். இரண்டு பேரும் எழும்பவில்லை.

பதினொரு மணிக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. பெண்கள் பந்தலுக்குள் போய் ஆண்களோடு கதைப்பது வழக்கமில்லை, ஆனாலும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசைகளுக்கு நடுவால் போனேன். ஐயாவின் காதோடு சொன்னேன், இப்ப எழும்பினால்தான் ஐயா, சிவம் ஓடிப் பிடிப்பார், உங்கள் பேச்சை முதலில் வைக்கச் சொல்லிக் குகனிடம் நான் கேட்கிறேன் என்று.

"அவர் இருக்கிறார் பிள்ளை" என்றார் ஐயா, உதடு அசையாமல். "நான் எழும்பிப் போய், அவர் இருந்து பிரேதத்தோடை சுடலைக்கும் நடந்தால், பொன்னுத்துரையின்ரை வீட்டிலை நான் எங்கை நிண்டனான் எண்டு நாளைக்கு ஆர் சொல்லுவினம்?"

நான் திரும்பி உள்ளே வந்தேன். சுகந்தி என் முகத்தைப் பார்த்து, ஐயா வெளிக்கிட்டிட்டாரோ என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். பக்கத்தில் இருந்த வயதான தாய் ஒருவர் அதைக் கவனித்துவிட்டு, அவர் போகமாட்டார் மோனை, உன்ரை மாமாவுக்காகப் பாராளுமன்றத்தையும் விட்டிட்டு இருக்கிறார் என்று பெருமையோடு அவளுடைய முதுகைத் தடவினார். சுகந்தி முழங்காலில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவ்வளவு நேரமும் அழாதவள் இப்போதுதான் அழுகிறாள், அழட்டும் விடுங்கோ என்றார்கள் பெண்கள். மாமனாருக்காக அழுகிறாள் என்று நினைத்தார்கள். எனக்கு அவளுடைய கையைப் பிடிக்கக்கூடத் துணிவு வரவில்லை.

நடுப்பகல் தாண்டியது. அப்போது யன்னலால் நான் கண்டதைத்தான் இவ்வளவு காலமும் யாரிடமும் சொல்லவில்லை. ஐயா மணிக்கூட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். இனி எந்த வாகனத்தாலும் போய்ச் சேர முடியாது என்று ஆன பிறகு, அவருடைய முகம் தெளிந்துவிட்டது. தோள் இறங்கியது. கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு பக்கத்துக் காணிக்காரரோடு வெங்காய விலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். கட்சியை மீறவும் தேவையில்லை, சுகந்திக்குக் கொடுத்த வாக்கை முறிக்கவும் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு செத்தவீடு வந்து அவரைக் காப்பாற்றிவிட்டது. அன்று காலையில் அவர் வேண்டுமென்று இதைச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். காலையில் அவர் போகத்தான் நினைத்தார். மத்தியானத்தில் போகமுடியாமல் போனது அவருக்குப் பெரிய ஆறுதல், அவ்வளவுதான். பதகளிக்கிற எனக்கு ஆறுதல் அடைந்த முகம் எப்படியிருக்கும் என்று நன்றாகத் தெரியும்.

மூத்த மகன் வந்தார். கிரியை நடந்தது. இரங்கலுரையில் ஐயா உருக்கமாகப் பேசினார், இளையவர் அதைவிட நீளமாகப் பேசினார். இருவரும் வெயிலில் சுடலை வரைக்கும் நடந்தார்கள்.

பொழுதுபட்டுத் திரும்பி வரும்போது வானொலிச் செய்தியில் சட்டமூலம் தோற்றுவிட்டது என்று சொன்னார்கள். சொற்ப வாக்குகளால்தான். அரசாங்கப் பக்கத்திலேயே கன பேர் வரவில்லை. தெற்கிலும் பவுசர்காரர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் செத்தவீடுகள் இருந்திருக்கும். மானிப்பாய் தாண்டியபின் ஐயா சொன்னார், நான் போயிருந்தால் இளையவரும் போயிருப்பார், நான் ஆதரவு, அவர் எதிர்ப்பு, கழிச்சுப் பார்த்தால் ஒண்டுமில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபமும் வந்தது, அவரில் இரக்கமும் வந்தது. வாயைத் திறந்தால் எது முதலில் வரும் என்று தெரியாததால் பேசாமல் வந்தேன்.

அடுத்த தேர்தலில் ஐயாவுக்குப் பட்டியலில் இடம் கிடைத்தது. பண்டத்தரிப்புப் பக்கத்தில் விருப்பு வாக்கு அள்ளிக்கொட்டியது. குகன் தன் தகப்பனைப்போலவே இரவு பகலாகச் சுவரொட்டி ஒட்டினார். என் அப்பாவுக்காகப் பாராளுமன்றத்துக்கே போகாமல் இருந்தவர் என்று வீடு வீடாகச் சொன்னார். அதைக் கேட்டு யாரும் ஏன் போகவில்லை என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

தேர்தல் முடிந்து கொஞ்ச நாளில் நான் ஓய்வுபெற்றேன். ஒரு நாள் பண்டத்தரிப்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் வழியில் சுகந்தியைக் கண்டேன். சந்தியில் பிரதேச சபை வைத்த கறுப்புத் தண்ணீர்த் தாங்கியடியில் பிளாஸ்டிக் கான்களோடு வரிசையில் நின்றாள். அவளிடமிருந்து மறைந்து போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் கண்டுவிட்டாள், சிரித்தாள். கிணறு முழுக்க உவராகிவிட்டது, மூடிவிட்டோம் என்றாள். மிளகாய்க் கன்றுகள் இலை கருகிப் போனதால் தோட்டமும் இல்லை, இப்போது ஒரு தையல் கடையில் வேலை. பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன். எல்லாம் சுகம் என்றாள். கடைசியில் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன், தேர்தலில் இந்த முறை நீ வாக்குப் போட்டியோ என்று.

"ஓம் அக்கா, ஐயாவுக்குத்தான் போட்டனான்" என்றாள். கானின் மூடியைத் திருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மாமாவின்ரை செத்தவீட்டிலை கடைசி மட்டும் இருந்தவர். அவருக்குப் போடாமல் வேறை ஆருக்குப் போடுறது?"

அவளுடைய முறை வந்தது. கானைக் குழாயின் கீழே வைத்தாள்.